ரொறன்ரோ நேரத்தில் ஓடிய கட்டடம்

1

குணசீலன் வட்ஸ்அப்பில் அழைத்தபோது, நான் வேலை செய்யும் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் நின்று இரண்டு இயந்திரங்களின் சண்டைக்கு விலக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கட்டடத்தைச் சூடாக்குவது. மற்றது குளிராக்குவது. சித்திரை மாதத்து ரொறன்ரோவில் காலையில் பனி கொட்டும், மத்தியானம் வெயில் எறிக்கும். எது ஓட வேண்டும் என்று தெரியாமல் இரண்டும் ஓடும். ஒன்று சூடாக்கிய காற்றை மற்றது குளிராக்கும், அது குளிராக்கியதை இது மறுபடி சூடாக்கும். இரண்டும் மிக நன்றாக வேலை செய்கின்றன என்று திரையில் பச்சை விளக்கு எரியும்.

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. ஒருமுறை கல்யாண வீடொன்றில் ஊர்க்காரர் ஒருவர், "பிள்ளை எஞ்சினியரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப கிளீனிங்கோ?" அதுவும் இல்லை. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் வெளிச்சம், காற்று, சூடு, குளிர் எல்லாவற்றையும் பார்த்து, கரண்ட் வீணாகாமல் அதை ஓட்டுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஓ, லைற் நூர்க்கிற வேலை" என்றார்.

விளக்கை அணைப்பவள். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்கவில்லை.

என்னுடையது பசுமைக் கட்டடம். வாசலில் இருக்கும் கண்ணாடித் தகட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கட்டி முடித்த நாளில் கொடுத்த தகடு. கட்டி முடித்த நாளில் எல்லாக் கட்டடங்களும் நல்ல பிள்ளைகள்தான். பிறகு உள்ளே மனிதர்கள் வருவார்கள். ஒருவர் மேசைக்குக் கீழே சூடாக்கி ஒன்றை வைப்பார். அந்தச் சூட்டில் வேர்த்துப் பக்கத்திலிருப்பவர் குளிரைக் கூட்டச் சொல்லி மின்னஞ்சல் எழுதுவார். ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்காகப் போட்ட விசிறி, அதற்குப் பிறகு வரும் எல்லாச் சனிக்கிழமைகளிலும் ஒருவரும் இல்லாத அறைக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும்.

"வதனி, நான் குணசீலன் கதைக்கிறன். மடத்துவெளியிலையிருந்து."

"ஊர் சொல்லாட்டிலும் குரல் தெரியும். சொல்லும்."

"உங்கட ஆக்கள் கட்டித் தந்த பசுமைப் பணிமனையைப் பூட்டப் போறம். சொல்லாமல் பூட்டினால் மரியாதை இல்லையெண்டு எடுத்தனான்."

2

குணசீலன் புங்குடுதீவு மடத்துவெளியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். இப்போது அந்தப் பணிமனையின் பொறுப்பாளர். ஊர்ச் சனம் விண்ணப்பம் நிரப்ப, பிரதியெடுக்க, பெண்கள் சங்கம் கூட, பிள்ளைகள் கணினி பழக எல்லாவற்றுக்கும் ஒரே இடமாக அதைக் கட்டிக் கொடுத்தது கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கம். கட்டிக் கொடுத்தது சங்கம் என்றாலும் பெரும்பங்கைக் கொடுத்தவர் அதன் தலைவர் தில்லை அண்ணை. அதனால் காலமான அவருடைய மனைவியின் பெயரில் அது மங்களேஸ்வரி பசுமைப் பணிமனை ஆனது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, கூரையில் சோலர் தகடுகள், கூரைக்குள் குளிரூட்டி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கப் பெரிய விசிறி ஒன்று. சான்றிதழும் உண்டு. தீவுப்பகுதியிலேயே இதுதான் முதல் பசுமைக் கட்டடம் என்று திறப்புவிழாவில் தில்லை அண்ணை பேசினார். மறுத்துப் பேச ஒருவரும் இருக்கவில்லை.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் அங்கே கரண்டே இல்லை. போத்தல் விளக்கில் படித்தோம். திரியை ஒரு நெல்லளவு உயர்த்தினாலும் வீட்டில் ஏச்சு விழும். சக்தியைச் சேமிப்பது எப்படி என்று எங்களுக்கு ஒருவரும் கருத்தரங்கு வைக்கவில்லை. இன்று அதே ஊரில் ஒரு பசுமைக் கட்டடம் அதிகம் கரண்ட் தின்கிறது என்பதற்காகப் பூட்டப்படப் போகிறது. ஒருவகையில் இது முன்னேற்றம்தான்.

"பகலிலை உள்ளுக்கு இருக்கேலாது" என்றார் குணசீலன். "அவியுது. வேலை செய்யிற பிள்ளையளுக்குத் தலையிடி. ரெண்டு ஏசி தனியா வாங்கிப் பூட்டினனாங்கள், அதுவும் காணாது. பில்லைப் பாத்தால் சங்கத்தைக் கலைக்கலாம் போல கிடக்கு. ஆண்டுவிழாவுக்கு முதல் பொதுக்கூட்டம். பழைய மண்டபத்துக்கே திரும்பிப் போவமெண்டு எல்லாரும் நிக்கினம்."

"தில்லை அண்ணைக்குச் சொன்னனீரோ?"

"சொன்னனான். பசுமைக் கட்டடம் எப்பிடியடா கரண்ட் தின்னும், நீங்கள் பாவிக்கத் தெரியாமல் பாவிக்கிறியளெண்டார்."

தில்லை அண்ணையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மங்களக்கா போனபிறகு அவர் வெளியே வந்து நாலு பேரோடு கதைக்கத் தொடங்கியதே இந்தக் கட்டடத்தால்தான். அது பூட்டப்பட்டது என்ற செய்தியை அவருக்கு யார் சொல்வது? கூட்டத்தைக் கொஞ்சம் பிந்திப் போடும்படி குணசீலனைக் கேட்டேன்.

3

அடுத்து வந்த நாட்களில், இரவு படுக்கப்போகுமுன் கட்டடத்தைக் கைப்பேசியில் சுற்றிப் பார்த்தேன். கைப்பேசியைப் பிடித்தவர் குணசீலன். ஆகவே நான் பார்த்ததில் பாதி அவருடைய பெருவிரல்.

"விரலை எடும்."

"எடுத்திட்டன்."

"இப்ப உம்மட மூக்குத் தெரியுது. கூரையைக் காட்டும்."

கூரையைக் காட்ட ஏணியில் ஏறினார். சோலர் தகடுகளின்மேல் உப்பும் தூசியும் காகத்தின் எச்சமும் சேர்ந்து ஒரு வெள்ளைப் படையாகக் கிடந்தன. வெயில் அதற்குள்ளால் நுழைவதற்கு முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

"இதைக் கழுவவேணும் குணசீலன். நல்ல தண்ணியாலை. கிணத்துத் தண்ணி சரிவராது, உவர்."

குணசீலன் கைப்பேசியைத் தெருப்பக்கம் திருப்பினார். காற்று இரைந்தது.

"வதனி, இஞ்ச குடிக்கிற தண்ணி பவுசர் வண்டியிலை வருகுது. சனம் வாளியோடை வரிசையிலை நிக்குது. நீர் சோலரைக் குளிப்பாட்டச் சொல்லுறீர்."

கனடாவில் இருந்துகொண்டு ஆலோசனை சொல்பவர்களைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அந்த இரைச்சலில் எனக்கு நன்றாகவே கேட்டது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். விடியற்காலையில் தகடுகளில் பனி படிந்திருக்கும். அந்த ஈரத்தோடு பழைய சீலைத் துணியால் துடைத்துவிடலாம். செய்து பார்த்தார்கள். மின்னுற்பத்தி கண்ணுக்குத் தெரிய ஏறியது. ஆனாலும் செலவு குறையவில்லை.

ஊர்ச்சங்கத்துக் கணினிக்காரர் ஒருவர் அந்தக் கட்டடத்தின் இயந்திரங்களை இங்கிருந்தே பார்க்கும்படி கைப்பேசியில் ஒரு செயலி அமைத்திருந்தார். கடவுச்சொல்லை வாங்கிப் பார்த்தேன். தனியாக வாங்கிய ஏசிகள் அதில் சேராது. கட்டடத்தோடு வந்த இயந்திரங்களின் கரண்ட் பாவனைக் கோடு காலை எட்டு மணிக்கு ஏறுகிறது, மாலை ஐந்துக்கு இறங்குகிறது, இரவில் படுத்துக் கிடக்கிறது. என் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒருநாள்கூட இவ்வளவு ஒழுக்கமாக நடந்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பிள்ளையைப் போலிருந்தது அந்தக் கோடு. ஒரு கிழமை அதைப் பார்த்துப் பார்த்துக் குழம்பினேன்.

என் மகள் அபி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். ஊர் விஷயம் என்றால் அவள் காதில் ஹெட்ஃபோன் ஏறிவிடும். ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்குப் பத்து வயதோடு வருவதை நிறுத்திவிட்டாள். தமிழை அவள் நிறுத்தவில்லை, ஆனால் தமிழ் அவளிடம் பாதி வழியில் நின்றுவிட்டது. அன்று சாப்பாட்டு மேசையில் நான் வைத்திருந்த கைப்பேசியை எட்டிப் பார்த்தவள், ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டாள்.

"அம்மா, இது எந்த ஊர் எட்டு மணி?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன்.

4

கட்டடத்தின் மணிக்கூடு ரொறன்ரோ நேரத்தில் இருந்தது.

இங்கிருந்து அமைத்த கணினிக்காரர் தன் கைப்பேசியின் நேரத்தையே அதற்கும் கொடுத்துவிட்டார். இங்கே விடிந்து எட்டு மணியாகும்போது மடத்துவெளியில் பின்னேரம் ஐந்தரை. குணசீலனும் பிள்ளைகளும் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நேரத்தில் கட்டடம் கண்விழித்து, விசிறியைப் போட்டு, கடற்காற்றின் ஈரத்தையெல்லாம் உள்ளே இழுத்து, அதைக் குளிராக்கி, வெறுங் கதிரைகளுக்கும் மேசைகளுக்கும் சாமம் கடந்தும் வீசிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் மனிதர்கள் வரும்போது அதற்கு இரவு. படுத்துவிடும். அவியும் அறைக்குள் அவர்கள் தனியாக வாங்கிப் பொருத்திய குளிரூட்டிகளை ஆகக் குறைந்த பாகையில் வைத்துப் பகல் முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். ஒரே கட்டடத்தை ஒரு நாளில் இரண்டு தரம் குளிராக்கியிருக்கிறார்கள், ஒருதரம் ஆட்களுக்கு, ஒருதரம் கதிரைகளுக்கு.

நான் இங்கு வந்த முதல் வருடம் எனக்கும் இப்படித்தான் இருந்தது. உடம்பு ஒரு ஊரில், நித்திரை இன்னொரு ஊரில். ஆனால் நான் புலம்பெயர்ந்தவள். அந்தக் கட்டடம் மடத்துவெளியை விட்டு ஒரு அடி நகரவில்லை.

குணசீலனுக்குச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கைப்பேசி கீழே விழுந்தது.

"அதுதான் பக்கத்து வீட்டு ஆக்கள் சொன்னவை, சாமத்திலை கட்டடம் மூச்சு விடுதெண்டு! நாங்கள் சாந்தி செய்விச்சனாங்கள் வதனி. ஐயரைக் கூட்டிவந்து."

"சாந்தி செய்த பிறகு?"

"பிறகும் மூச்சு விட்டது. ஐயர் தட்சணை வாங்கினதோடை சரி."

அபி இப்போது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எனக்கும் கைப்பேசிக்கும் நடுவில் வந்து நின்றாள். தானும் ஏதாவது சொல்ல ஆசைப்பட்டிருக்க வேண்டும். "அங்கிள், பகல்ல உங்கட கட்டடத்துக்குக் காய்ச்சல்" என்றாள். சூடு என்று சொல்ல வந்தவள். குணசீலன் உடனே, "ஓம் பிள்ளை, மேற்குப் பக்கத்துக் கண்ணாடி நெருப்பாக் கொதிக்குது, மருந்து என்னெண்டு நீர் சொல்லும்" என்றார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் நேரடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது, எந்த அறையில் எத்தனை பேர், சுவரில் கைவைத்தால் எப்படி இருக்கிறது என்று அபி கேள்விக்குமேல் கேள்வி கேட்டாள். குணசீலன் சுவருக்குச் சுவர் கைவைத்துப் பார்த்துச் சொன்னார்.

மணிக்கூட்டைத் திருத்தியதும் செலவு ஓரளவுக்கு இறங்கியது. பொதுக்கூட்டம் கூடி, ஆண்டுவிழா முடியும்வரை பொறுப்பதென்று தீர்மானித்தது. ஆனால் பகல் வெக்கை முற்றாகப் போகவில்லை. ஏசிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

எல்லாரையும் எல்லா நேரமும் திருப்திப்படுத்த ஏலாது என்பதை என் தொழில் நன்கு அறியும். என் கட்டடத்தில் நாலாம் மாடிச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வெப்பச்சீராக்கி ஒன்று இருக்கிறது. அதற்குக் கம்பித் தொடுப்புக் கிடையாது. எனக்கு முன்பிருந்தவர் பொருத்திவிட்டுப் போனது. யார் வந்து திருகினாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் திருகியவர்கள் போய் இருந்து, "இப்போது நன்றாக இருக்கிறது, நன்றி" என்று எனக்கு எழுதுவார்கள். அப்படி ஒன்றை மடத்துவெளியிலும் பொருத்தலாமோ என்று ஒருகணம் யோசித்தேன். குணசீலனின் முகத்தை நினைத்துக் கைவிட்டேன்.

5

"அங்கிள், யன்னல் எல்லாம் ஏன் பூட்டியிருக்கு? நீங்கள் ஏன் ஓப்பன் பண்ணேல்ல?" என்று அபிதான் கேட்டாள்.

"திறப்பு இல்லைப் பிள்ளை."

"எங்க?"

"கனடாவிலை."

திறப்புவிழாவில் கட்டடம் கட்டியவர் சாவிகளை, எங்கள் பேச்சில் திறப்புகளை, தாம்பாளத்தில் வைத்துத் தில்லை அண்ணையிடம் கொடுத்திருக்கிறார். படம் எடுத்தார்கள். கதவுத் திறப்பைக் குணசீலனிடம் கொடுத்த தில்லை அண்ணை, யன்னல் திறப்புக் கோர்வையைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

யன்னலைத் திறந்தால் சான்றிதழ் போய்விடுமோ என்று முதலில் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். என் கேள்வி தங்களுக்கு மிக முக்கியமானது என்று உடனே பதில் வந்தது. திட்டமிடும் கட்டடமா, கட்டும் கட்டடமா என்று தெரிவு செய்து மீண்டும் அனுப்பச் சொன்னார்கள். கட்டி முடித்து மனிதர்கள் உள்ளே இருக்கும் கட்டடத்துக்கு அங்கே ஒரு தெரிவு இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அபியையும் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவில் தில்லை அண்ணை வீட்டுக்குப் போனேன். பதினேழாம் மாடி. மகன் பிராம்ப்டனில், இவர் தனியாக. விருந்தினர் அறைக் கண்ணாடி அலுமாரியில் மங்களக்காவின் படம், அதற்குப் பக்கத்தில் விருதுகள், அவற்றின் நடுவே ஒரு சின்ன வெல்வெற் தட்டில் அந்தத் திறப்புக் கோர்வை. தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு எதிரில் இருந்தார்.

"அண்ணை, அந்தத் திறப்பை ஊருக்கு அனுப்பவேணும்."

"ஏன்?"

"யன்னல் திறக்க."

"உப்புக்காத்து உள்ளுக்கு வந்தால் கொம்பியூட்டர் எல்லாம் கறள் பிடிக்கும். தூசி வரும். அது ஏசிக்கெண்டு கட்டின கட்டடம் பிள்ளை. யன்னலைத் திறந்துபோட்டு இருக்கிறதெண்டால் பிறகென்ன பசுமை? கொட்டில் கட்டியிருக்கலாமே."

ஏசி போடும்போது பூட்டுவது, காற்று நன்றாக வீசும் நாளில் ஏசியை நிறுத்திவிட்டுத் திறப்பது, இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடாது, இதுதான் அந்தக் கட்டடத்தின் வரைபடத்திலேயே இருக்கும் திட்டம் என்று படமாய் வரைந்து காட்டினேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கப்போகிறது, தெற்கு யன்னல்களைத் திறந்தால் காலை முழுக்க ஏசியே தேவைப்படாது என்றேன். அவர் என் படத்தைப் பார்க்கவில்லை. "ஒரு வருசமாச்சு, ஒருத்தரும் நல்லது சொல்லேல்லை" என்றார் மெதுவாக. "எல்லாரும் பிழைதான் சொல்லுறியள்."

வரைந்த தாளை மடித்து வைத்தேன். தேத்தண்ணியைக் குடித்தேன். அபி அலுமாரிக்கு முன்னால் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், ஆன்ரிக்கு ஏசி விருப்பமோ?"

அவர் தலையைத் தூக்கினார்.

"ஏசியோ? அவளுக்கோ?" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "பிள்ளை, இஞ்ச பனி கொட்டேக்கையும் அவள் குசினி யன்னலைத் திறந்துதான் வைப்பாள். மூச்சு முட்டுதாம். மீன் பொரிச்சால் முழு மாடிக்கும் மணம் போகும். கட்டடக்காரர் கடிதம் எழுதுவினம், சூடெல்லாம் வெளியாலை போகுதெண்டு. நான் போய்ப் பூட்டுவன். திரும்பிப் பாத்தால் திறந்திருக்கும். நான் பூட்ட அவள் திறக்க, கலியாணம் கட்டின நாளிலையிருந்து எங்களுக்கு அந்த ஒரு சண்டைதான்."

சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பூட்டினபடிதான் கிடக்கு" என்றார். "நான் ஒருத்தன் ஆரோடை சண்டை பிடிக்க?"

அவர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து கோர்வையை எடுத்தார். என்னிடம் நீட்டினார். நான் கைநீட்டியதும் இழுத்துக்கொண்டார்.

"உன்னட்டைத் தந்தால் நீ பார்சலிலை அனுப்பித் துலைச்சுப்போடுவாய். ஆண்டுவிழாவுக்கு நானே கொண்டு போறன்."

6

ஆண்டுவிழாவை நாங்கள் கைப்பேசியில் பார்த்தோம். குணசீலன் இப்போது விரல் படாமல் பிடிக்கப் பழகியிருந்தார். கோட்டும் சூட்டுமாக வந்து நின்ற தில்லை அண்ணையின் கழுத்தால் வேர்வை ஓடியது. பேச்சு எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதலில் தெற்குப் பக்கத்து யன்னலுக்குப் போனார். பூட்டு இறுகிக் கிடந்தது. யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டார்கள். திறந்தது. அடுத்ததுக்குப் போனார். அதற்கும் எண்ணெய். வரிசையாக எல்லாவற்றையும் தன் கையாலேயே திறந்தார், கேட்டவர்களிடமும் கோர்வையைக் கொடுக்கவில்லை.

சோளகம் தன் பாட்டில் உள்ளே வந்தது. பெண்களின் சேலைத் தலைப்புகள் எழும்பின. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர், "அப்பாடா" என்றது கனடாவரை கேட்டது.

"ஏசியை நிப்பாட்டடா" என்றார் தில்லை அண்ணை. கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்தார். கடைசி யன்னலடியில் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு நின்றார். பேசக் கூப்பிட்டார்கள். வரவில்லை. "நீங்கள் நடத்துங்கோ" என்று கையை மட்டும் காட்டினார்.

அன்று சான்றிதழைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பழைய மண்டபத்துக்குத் திரும்பிப் போகும் பேச்சும் எழவில்லை.

இரண்டு கிழமைக்கென்று போனவர். பயணச்சீட்டை மாற்றிவிட்டார் என்று குணசீலன் சொன்னார். மீண்டும் மாற்றினார். காலையில் முதல் ஆளாகப் பணிமனைக்கு வருகிறாராம். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து யன்னல்களைத் திறக்கிறாராம். மத்தியானம் வெக்கை ஏறியதும் எல்லாவற்றையும் பூட்டி, அதற்குப் பிறகுதான் ஏசிக்கு அனுமதி. அதையும் அளவோடு. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே வருபவர்களுக்கு ஏச்சு. தனியாக வாங்கிய இரண்டு ஏசிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். மேற்குப் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே தென்னோலைக் கிடுகுத் தட்டி கட்டும் அபியின் திட்டத்துக்கு மட்டும் அவர் இன்னும் இணங்கவில்லை. படத்தில் அழகாய் இல்லையாம். அபியும் விடுவதாக இல்லை, அவருக்குப் புதிது புதிதாக வரைந்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

"வதனி, மனுசன் எங்களை ஒரு லைற் போட விடுறாரில்லை" என்று குணசீலன் முறைப்பட்டார். "நீர் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுமன்."

தில்லை அண்ணையிடம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"வாறன், வாறன். சோளகம் முடிஞ்சு வாடைக்காத்துத் தொடங்கேக்கை வடக்குப் பக்கம் திறக்கோணும். குணசீலனை நம்பி விடேலாது, அவன் விளையாட்டுப்பிள்ளை."

அந்த விளையாட்டுப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது.

போன கிழமை பிராம்ப்டனிலிருந்து அவருடைய மகன் என்னை அழைத்தார். நான் அவரோடு அதிகம் பழகியதில்லை. குரலில் கவலை.

"அக்கா, அப்பா வாறதைப் பற்றிக் கதைக்கவே மாட்டன் எண்டுறார். அங்க அவர் என்ன செய்யிறார்? நாள் முழுக்க ஒரு ஒஃபிஸில இருக்கிறாராம். ஏதும் பிரச்சினையோ?"

நான் வழக்கம்போல நிலக்கீழ் அறையில்தான் நின்றேன். பக்கத்தில் விசிறிகள் இரைந்தன.

"ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி" என்றேன். "அப்பா வேலைக்குச் சேர்ந்திட்டார்."